புயலுக்கு வாங்கிய டீசல்: கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனி ஒன்றில் நடந்தவை

பின்னணி

கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே இயங்கும் சிறிய ஐஸ் கம்பெனி ஒன்றில் 2022 ஜூன் மாதம் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அந்த நிறுவனத்தின் ஜெனரேட்டரை ஆண்டுக்கு இருமுறை பராமரித்துக் கொடுப்பவன் என்ற முறையில், முடிவுகளில் பெரும்பகுதிக்கு நானே பொறுப்பு. நேர்ந்த தவறும் என்னுடையதே.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு இந்தப் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறக்காதவர்களில் இந்த நிறுவன உரிமையாளரும் ஒருவர். 2020 நவம்பரில் நிவர் புயல் அறிவிப்பு வந்ததும் அவர் 200 லிட்டர் பேரல் ஐந்தில் 1,000 லிட்டர் டீசல் வாங்கி இறக்கிவிட்டார். டீசல் போன்ற இரண்டாம் வகைப் பெட்ரோலியத்தை ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் வைத்திருக்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்பதில்லை என்பதால், அளவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிவர் மரக்காணம் பக்கம் கரையேறியது. அதை அடுத்து வந்த புரெவி மழையைத்தான் கடலூருக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்குமாகச் செலவானது ஒன்றேகால் பேரல். எஞ்சிய நான்கும் அப்படியே நின்றுவிட்டன.

இரண்டு பேரல்கள் கிடங்கறைக்குள் மரப்பலகை மீது இருந்தன. மற்ற இரண்டும் வெளியே, கூரைச் சாய்ப்பின் கீழ், சிமெண்டுத் தரையில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே இருந்தவற்றை ஒன்று, இரண்டு என்றும், வெளியே இருந்தவற்றை மூன்று, நான்கு என்றும் இனி குறிப்பிடுகிறேன். நான்காவது பேரல்தான் கால்வாசி எடுக்கப்பட்டது. கைப்பம்பை உருவாமல், வாயைச் சுற்றித் துணி அடைத்து விட்டிருந்தார்கள். 2021 நவம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்த நாட்களில் அந்தச் சாய்ப்பில் சாரல் அடித்ததாக ஆபரேட்டர் சொன்னார்.

கேள்வி எழுந்த விதம்

கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே விசைப்படகுகளுக்கு ஐஸ் சேர்க்க வேண்டும். அந்த வாரத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜூன் 6 அன்று உரிமையாளர் தொலைபேசியில் கேட்டது இதுதான்: "தம்பி, நாலு பேரல் கிடக்கு. ஒன்றரை வருஷம் ஆச்சு. ஊத்தலாமா, கூடாதா?" அன்றைய விலை லிட்டருக்கு 95 ரூபாயை ஒட்டி இருந்ததால், நான்கு பேரலும் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புடையவை. அதைக் கீழே கொட்டு என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

அங்கிருந்தவர்களிடம் விடை ஏற்கெனவே தயாராக இருந்தது, ஆளுக்கு ஒன்றாக. மினி லாரி ஓட்டுநர், டீசல் இரும்பு மாதிரி, கெடவே கெடாது என்றார். ஆபரேட்டர், கொஞ்சம் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். உரிமையாளரின் மைத்துனர் விசைப்படகு வைத்திருப்பவர். ஜெனரேட்டருக்கு வேண்டாமென்றால் படகுக்கு எடுத்துக்கொள்கிறேன், படகு என்ஜின் எதையும் தின்னும் என்றார். இந்த மூன்று பேச்சுமே ஒரே இடத்தில் வழுக்குகின்றன. டீசலின் வயதை மட்டும் கேட்கிறோம். அதோடு என்ன சேர்ந்தது என்றும், அது எந்த என்ஜினுக்குப் போகப்போகிறது என்றும் கேட்பதில்லை. எரிகிறதா என்று பார்ப்பதும் பயனற்றது. கெட்டுப்போன டீசலும் எரியும், கலப்பட டீசலும் எரியும். டீசலோடு தீக்குச்சியை வைத்துச் செய்யும் சோதனையில் சோதிப்பவருக்குத்தான் ஆபத்து.

சேர்மானம் எதுவும் போடாத டீசலை வெப்பம் மிகுந்த இடத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைக்கலாம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரையறை. அதைத் தாண்டினால் உடனே கெட்டுவிடும் என்று பொருளல்ல. சோதிக்காமல் ஊற்றக்கூடாது என்று பொருள். காற்றோடு சேர்ந்து டீசல் மெல்ல மெல்லக் கறுக்கும், பிசின் கட்டும். செம்பு, பித்தளை, துத்தநாகம் ஆகியவை பட்டுக்கொண்டிருந்தால் அது விரைவாக நடக்கும். தண்ணீர் சேர்ந்தால், டீசலும் தண்ணீரும் தொடும் அந்தக் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். நடைமுறையில் என்ஜின்களை நிறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான் என்பது என் அனுபவம்.

மாதிரி எடுத்த முறை

பேரலை யாரும் உருட்டவோ நகர்த்தவோ கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அசைத்தால் அடியில் உள்ளது மேலே கலந்து, இரண்டு நாளைக்கு உண்மை தெரியாது. ஜூன் 8 காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். காலை வேளையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: நம் நாட்டுத் தரப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும், ஜூன் மாதக் கடலூரில் பிற்பகல் நிழலே அந்த அளவைத் தாண்டிவிடும். கடையில் கிடைக்கும் டீசல் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும் என்றாலும், பேரலில் யாராவது தெரியாமல் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் அந்த இடைவெளி போய்விடும். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த வெல்டிங் வேலையை நிறுத்தச் சொன்னோம்.

ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கண்ணாடிக் குழாயின் மேல்வாயைக் கட்டைவிரலால் மூடி அடிவரை இறக்கி, விரலை எடுத்து நிரம்பவிட்டு, மறுபடி மூடித் தூக்கினால், அடியில் உள்ளது அப்படியே வந்துவிடும். ஒவ்வொரு பேரலிலும் அடி, நடு, மேல் என மூன்று மாதிரிகள் எடுத்து, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, வெள்ளைத் தாளின் முன் வெளிச்சத்தில் வைத்தோம். பெட்ரோல் பங்கில் அன்று காலை வாங்கிய புது டீசல் ஒரு புட்டியில் ஒப்பீட்டுக்கு நின்றது. அதே பங்கிலிருந்து தண்ணீர் காட்டும் பசையும் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் இரவல் வாங்கினோம். பசையை டிப் ராட் எனும் அளவுகோலின் நுனியில் தடவி இறக்கினால், தண்ணீர் தொட்ட உயரம் வரை நிறம் மாறிக் காட்டும்.

டென்சிட்டி, அதாவது கனமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளக்கும் அடர்த்தி, பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பங்கில் இருந்தவர் உட்பட எல்லோரும் அதைத்தான் முடிவான சோதனை என்று நம்பியிருந்தார்கள். 32 டிகிரியில் நான்கு பேரல்களும் 818 முதல் 822 வரை காட்டின. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.7 என்று கணக்கிட்டு 15 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 830 முதல் 834 வரை வருகிறது. நல்ல டீசல் இருக்க வேண்டிய இடம்தான். வாங்கிய நாளின் பில்லில் அச்சாகியிருக்கும் டென்சிட்டியோடு ஒப்பிட்டு, வேறுபாடு 3 அலகுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான முறை. உரிமையாளர் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் எழுத்து முழுவதும் மறைந்து வெறும் தாளாக இருந்தது. எப்படியானாலும், டென்சிட்டி சொல்வது வேறொரு எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதை மட்டுமே. நாள்பட்டதால் நேரும் கெடுதியையோ, அடியில் தேங்கிய தண்ணீரையோ, பூஞ்சையையோ அது காட்டாது. நான்காவது பேரலின் எண் முதல் பேரலின் எண்ணுக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. அந்த நான்காவது பேரலுக்குள் என்ன இருந்தது என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

பேரல்களில் கண்டவை

முதல் பேரலில் மூன்று மாதிரிகளும் தெளிவாக இருந்தன, நிறம் புது டீசலைவிட ஒரு சாயல் கூடுதல், பசையில் மாற்றமில்லை. இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது பேரலைத் திறந்ததும் எல்லோரும் முகம் சுளித்தார்கள். டீசல் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது, வார்னிஷ் போன்ற வாடை அடித்தது. ஆனால் அடியில் தண்ணீர் இல்லை. புட்டியின் மறுபக்கம் வைத்த எழுத்தைப் படிக்க முடிந்தது. இந்தப் பேரலின் வெளிப் பூச்சு மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. முன்பு கியர் ஆயில் இருந்த பழைய பேரலாக இருக்கலாம் என்று ஊகித்தோம்.

மூன்றாவது பேரல்தான் பாடம் கற்பித்தது. மேல் மாதிரி நான்கில் மிக அழகானது. புது டீசலோடு மாற்றி வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. அடி மாதிரியில் குழாயின் கீழ்ப்பகுதி முழுக்கத் துருப்பொடியோடு தண்ணீர். பசை 3 சென்டிமீட்டர் உயரம் காட்டியது. பேரலின் விட்டம் 57 சென்டிமீட்டர் என்பதால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் என்று கணக்கு. ஆக, ஏழு லிட்டருக்கு மேல் தண்ணீர். இந்தப் பேரலின் மூடி திறக்கப்படவே இல்லை. சீல் இருக்கும்போது தண்ணீர் எப்படிப் போனது என்று உரிமையாளர் வியந்தார். நிமிர்ந்து நிற்கும் பேரலின் மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருப்பதால், மழைநீர் அதில் குளம்போலத் தேங்கி மூடிகளை முழுக்காட்டும். பகலில் வெயிலில் சூடேறிக் காற்றை வெளியே தள்ளும் பேரல், இரவில் குளிரும்போது உள்ளே இழுக்கும். அப்போது மூடியின் புரிவழியே காற்றுக்குப் பதில் மேலே தேங்கிய தண்ணீர் இறங்கும். மூடியை எவ்வளவு இறுக்கியிருந்தாலும், பேரல் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நான்காவது பேரலில் தண்ணீரின் உயரம் அரை சென்டிமீட்டர்தான். ஆனால் அதன்மேல், குளத்துப் பாசியை நினைவூட்டும் கொழகொழப்பான பழுப்பு நிறப் படலம் இழை இழையாகத் தொங்கியது. அழுகிய முட்டை வாடை வந்தது. கந்தகச் சேர்மங்களைச் சிதைத்து வாழும் பாக்டீரியா உள்ள இடத்தில் இந்த வாடை வரும். அது பேரலின் இரும்பையும் அரிக்கும். கால்வாசி காலியிடம், துணி அடைத்த வாய், அடியில் தண்ணீர், கடலோர ஈரக்காற்று ஆகிய எல்லாமே அதற்கு வாய்த்திருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்காவது பேரலில் விவாதத்துக்கு இடமே இல்லை. வடிகட்டினால் என்ன என்று கேட்டார்கள். இழைகளை வடிதாள் பிடிக்கும். ஆனால் உயிருள்ள பூஞ்சை ஜெனரேட்டர் தொட்டிக்குள் ஒருமுறை போய்விட்டால் அங்கேயும் குடியேறும், பிறகு நல்ல டீசலையும் கெடுக்கும். உப்பனாற்றில் கொட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னதை உரிமையாளரே தடுத்துவிட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம்தான் கொடுப்பது என்று முடிவானது.

இரண்டாவது பேரலுக்கு இரண்டு சோதனைகள் கூடுதலாகச் செய்தோம். புது டீசலோடு சரிபாதி கலந்து ஒரு புட்டியை ஒரு நாள் அசைக்காமல் வைத்தோம். பழைய டீசல் தனியாக இருக்கும்போது கரைந்திருக்கும் பிசின், புது டீசல் சேர்ந்ததும் சில வேளை பிரிந்து அடியில் படியும். எதுவும் படியவில்லை. ஒரு லிட்டரை வடிதாளில் ஊற்றி நேரம் பார்த்தோம். புது டீசலைவிட அதிக நேரம் எடுத்தது, தாளில் மங்கலான பழுப்புக் கறை தங்கியது. ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும். ஆனால் 200 லிட்டருக்காக அந்தச் செலவும் காத்திருப்பும் தகாது என்று கருதி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு புது டீசல் கலந்து கடைசியாக ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

மூன்றாவது பேரலில் உறிஞ்சு குழாயை அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே நிறுத்தி, மேலுள்ள 175 லிட்டரை மட்டும் மெதுவாக எடுத்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வழியே வேறு பேரலுக்கு மாற்றினோம். முதல் பேரலை வடிகட்டி நேராகப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தோம்.

எந்த என்ஜினுக்கு என்பது அடுத்த கேள்வி. ஜெனரேட்டர் பழைய வகை. அதன் பம்ப் மெக்கானிக்கல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் திறப்பது. மினி லாரி, பிஎஸ் 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வகை. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அதன் காமன் ரயில் அமைப்பில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், உள்ளிருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. அதற்கு முதல் பேரலைக்கூடக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை; ஓர் இன்ஜெக்டரின் விலையோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் டீசல் ஒன்றுமில்லை. படகு விஷயத்தில்தான் மனக்கசப்பு வந்தது. படகு என்ஜின் தாங்கும் என்று மைத்துனர் சொன்னது உண்மை. பழைய லாரி என்ஜின் அது, ஜெனரேட்டரைவிடக் கூடத் தாங்கும். ஆனால் ஜெனரேட்டர் நின்றால் ஐஸ் உறைவது தாமதப்படும். படகு கடலில் நின்றால் ஆட்கள் அலைக்கு நடுவே தத்தளிப்பார்கள். "மச்சான், அது நின்னா இறங்கித் தள்ள முடியாது" என்று உரிமையாளர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஓட்டிப் பார்க்கும் வரிசையையும் வகுத்தோம். மின்சாரம் இருக்கும்போதே, ஆபரேட்டரும் நானும் அருகில் நிற்க, ஆலையின் சுமையைத் தினம் நான்கு ஐந்து மணி நேரம் ஜெனரேட்டருக்கு மாற்றுவது. ஒரு நாளைக்கு ஒரு பேரலின் டீசலை மட்டும் சோதிப்பது. அவசரத்துக்கென்று 100 லிட்டர் புது டீசலும் இரண்டு புது ஃபில்டர்களும் கைவசம்.

ஓட்டிப் பார்த்தபோது

ஜூன் 10 அன்று முதல் பேரலின் டீசலைப் புது டீசலோடு சரிபாதி கலந்து ஓட்டினோம். புகையிலோ வேகத்திலோ மாற்றமில்லை. 11ஆம் தேதி மூன்றாவது பேரலில் மீட்ட டீசல். தண்ணீர் பிரிப்பானின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு துளியும் சேரவில்லை.

12ஆம் தேதி இரண்டாவது பேரலின் முறை. எது எந்த டீசலின் விளைவு என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, ஜெனரேட்டர் தொட்டியை ஏறக்குறைய அடி தட்டும் வரை ஓடவிட்டு, பிறகு புதுக் கலவையை ஊற்றச் சொன்னேன். மூன்றாவது மணி நேரத்தில் என்ஜின் ஏறி இறங்கத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் சுமை தாங்காமல் நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் கறுப்புப் பசை. இரண்டாவது பேரலைப் பார்த்த அன்றே சொன்னோமே என்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகும் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் வடிதாளில் கண்ட கறை பழுப்பு, ஃபில்டரில் இருந்ததோ கறுப்பு. 13ஆம் தேதி ஜெனரேட்டர் தொட்டியின் அடி வடிகால் திருகைக் கழற்றினோம். முதலில் வந்தது தண்ணீர், அடுத்துக் கறுப்புக் கசடு, அதற்குப் பிறகுதான் டீசல். பல ஆண்டுகளாகச் சேர்ந்தது அது. நான்கு பேரல்களையும் இரண்டு நாள் குழாய் விட்டுப் பார்த்த நான், எல்லா டீசலும் போய்ச் சேரும் அந்த ஒரு தொட்டியைப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று தொட்டியை அடிவரை ஓடவிட்டதே அந்தக் கசடை உறிஞ்சு குழாய்க்குக் கொண்டுவந்தது. ஆக, இரண்டாவது பேரல் குற்றவாளியா இல்லையா என்பது தீரவில்லை. தொட்டியைக் கழுவிய பின் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் படகுகள் புறப்பட இரண்டு நாள்கூட இல்லை, உரிமையாளருக்கும் பொறுமை இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. அந்தப் பேரலில் எஞ்சிய 175 லிட்டரை, கான்கிரீட் வார்க்கும் சென்ட்ரிங் தகடுகளுக்குப் பூச ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 17 மாலை மின்சாரம் மூன்று மணி நேரம் போனது. கழுவிய தொட்டியில் புது டீசலோடு ஜெனரேட்டர் தடையின்றி ஓடியது. முதல் பேரலிலும் மூன்றாவது பேரலிலும் மிச்சமிருந்தவை ஆகஸ்ட் முடிவதற்குள் தீர்ந்தன. மீட்ட 375 லிட்டரின் மதிப்பு முப்பத்தைந்தாயிரம் ரூபாயை ஒட்டியது. ஃபில்டர்கள், தண்ணீர் பிரிப்பான், தொட்டி கழுவிய கூலி எல்லாம் சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்கு போனது.

இன்று செய்வதானால்

இதே கேள்வி மறுபடி வந்தால் முதல் வேலையாக என்ஜினின் சொந்தத் தொட்டியை வடித்துப் பார்ப்பேன், அதன் பிறகுதான் பேரல் பக்கம் போவேன். சோதனைகளைப் பிரிக்கத் தொட்டியைக் காலி செய்யாமல், தற்காலிகமாக ஒரு சிறு கேனிலிருந்து நேராகக் குழாய் கொடுப்பேன். தடைக்காலம் முடியும் வாரத்தில் அல்லாமல், அது தொடங்கும் ஏப்ரலிலேயே இதைச் செய்திருந்தால் இரண்டாவது பேரலுக்கும் நியாயமான விசாரணை கிடைத்திருக்கும்.

நிறுவனத்தில் மாறியவை சில. பேரல்கள் இப்போது உள்ளே, அமோனியா கம்ப்ரஸர் அறையிலிருந்து தள்ளி, பலகை மீது படுக்கவைக்கப்படுகின்றன. இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலையில் இருப்பதால் உட்புறம் டீசல் அவற்றை மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே வர வழியில்லை. வாங்கிய தேதியும் டென்சிட்டியும் பேரலிலேயே பெயிண்டால் எழுதப்படுகின்றன. அக்டோபரில் இரண்டு பேரலுக்கு மேல் வாங்குவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் மாதாந்தர ஓட்டத்தில் அவற்றைத் தீர்த்துவிடுகிறார்கள். கைப்பம்பு வேலை முடிந்ததும் உருவப்படுகிறது, பெரும்பாலும்.

நான்காவது பேரல் மட்டும், ஒரு பேரலுக்காகச் சேகரிப்பவர் வண்டி அனுப்ப மாட்டார் என்பதால், வாயில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, பூட்டிய அறையில் ஐந்து மாதம் காத்திருந்தது. பக்கத்துப் படகுப் பட்டறைகளின் கழிவு எண்ணெயோடு சேர்த்து, அந்த ஆண்டு நவம்பரில்தான் அது ஏற்றப்பட்டது.